ஒன்பதாம் குவியல், மூன்று படங்கள்

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் பாதியில் வந்து, ஐயோ பாவம், பாசக்கார மச்சான் என்று யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம்.

எனக்குப் பேசி முடிக்க இருந்த பெண்ணின் அப்பா, பத்துப் பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில், "தம்பி என்ன வேலை பாக்குறாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "எல்லாரும் பட்டம் வாங்குவாங்க சார், நம்ம மச்சான் பட்டம் விடுவாரு." கூடமே சிரித்தது. பெண்ணும் சிரித்தாள். அந்த இடம் அதோடு போயிற்று. அதற்கப்புறம் வந்த இடங்களும் போயின. மாமாவுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. என் வேலை அதுதான். கடலோரத்தில் ஒரு சரக்கு யார்டு. நிலக்கரி, ஜல்லி, மணல் என்று பதினோரு குவியல்கள், ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். மாதா மாதம் எந்தக் குவியலில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். மேலிருந்து படம் எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும். பக்கத்திலேயே விமானம் இறங்கும் பாதை இருப்பதால் ட்ரோனுக்குத் தடை. அறுபது மீட்டருக்குள் பட்டம் விட்டுக்கொள்ளலாம் என்று அனுமதிக் கடிதம் இருந்தது. அதை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடியது.

இரண்டு ஆள் அகலத்துக்கு நைலான் பட்டம். இடுப்புப் பெல்ட்டில் நூல் ராட்டை, கையில் தோல் உறை. பட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, நூலில், சிலுவை மாதிரி ஒரு சட்டத்தில் கேமரா தொங்கும். பட்டம் எப்படிக் குதித்தாலும் கேமரா நேர் கீழே மட்டுமே பார்க்கும். பத்து நொடிக்கு ஒரு படம், தானாக. நான் நூலைப் பிடித்துக்கொண்டு யார்டை மூன்று சுற்று நடப்பேன். நடுவில் இரண்டு மீட்டர் கம்பு ஒன்று நட்டிருக்கும். கம்பின் நிழலையும் குவியலின் நிழலையும் படத்தில் அளந்து உயரத்தைச் சரிபார்ப்பேன். பட்டம் மேலே இருக்கும்போது கேமரா எதைப் பார்க்கிறது என்று எனக்குத் தெரியாது. இறக்கி, கார்டைக் கழற்றி, கம்ப்யூட்டரில் போட்டால்தான் தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முன் அப்படிப் போட்டபோது, நாலாம் குவியலுக்குப் பின்னால் இரண்டு பேர் காலை நீட்டி உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தது படத்தில் விழுந்துவிட்டது. மேனேஜர் அன்று மாலையே இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார். அன்றிலிருந்து பட்டம் ஏறும் நாள் என்றால் யார்டே நடுங்கும். பட்டத்துக்கு மாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் கேட்டுக்குள் நுழைந்ததும், "டேய், மாமியார் வந்தாச்சு!" என்று குரல் போகும். மாமியார் மேலே நிற்கும் வரை ஒருவன் உட்கார மாட்டான். தண்ணீர் குடிக்கக்கூடத் தன் இடத்தை விட்டு நகர மாட்டான். பக்கத்து ஆள் என்ன ஆனான் என்று எட்டிப் பார்க்க மாட்டான். எனக்கு அது பெருமையாக இருந்தது. வேறு யார் என்னைக் கண்டு பயந்தார்கள்?

மாமா மட்டும் பயப்படவில்லை. ஒன்பதாம் குவியல் யார்டின் கோடியில் இருக்கிறது, நிலக்கரி. தூசி பறக்காமல் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடிப்பது அவர் வேலை. தனி ஆள். பட்டம் தலைக்கு மேல் வந்ததும் பைப்பைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவார். ஒவ்வொரு மாதமும் படத்தில் இருப்பார், பல்லைக் காட்டிக்கொண்டு. "என்ன மச்சான், அழகா வந்திருக்கேனா? பெருசு பண்ணி உன் ரூம்ல மாட்டிக்கோ" என்பார்.

கை ஆட்டியதற்கு மேனேஜர் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசியதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வேலை நேரத்தில் உட்கார்ந்திருந்ததற்கு இன்னொன்று. மூன்றாவது கொடுத்தால் வேலை போய்விடும். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போய்விடும். யார்டின் பின்சுவரை ஒட்டிய இரண்டு அறை வீடு அது. அக்காவும் இரண்டு பெண் பிள்ளைகளும் வேறு எங்கே போவார்கள்? போக இடமே கிடையாது.

பட்டம் ஏற்றுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா என் அறைக்கு வந்தாள். நான் பட்டத்தின் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கதவருகிலேயே நின்றாள்.

"டேய், ரெண்டு வாரமா அவருக்கு நெஞ்சு எரியுதுன்னு சொல்றாரு. கொஞ்ச நேரம் நிழல்ல உக்காந்தா சரியாகுதாம். நாளைக்கு அப்படி எங்கயாவது உக்காந்திருந்தாருன்னா..."

"டாக்டர்கிட்ட காட்ட வேண்டியதுதானே?"

"லீவு கேட்டா அந்த ஆள் மூணாவது லெட்டரத்தான் நீட்டுவான். உனக்குத் தெரியாதா? உன் கண்ணுல பட்டுச்சுன்னா அந்தப் படத்த மட்டும் அழிச்சிடுடா. நூறு படத்துல ஒண்ணு. யாருக்குத் தெரியப்போவுது?"

"கேமராவுக்கு அக்காவும் தெரியாது, மாமாவும் தெரியாது" என்றேன். சொல்லும்போதே நாக்கில் ஒரு சுகம் இருந்தது.

"கேமராவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல?" கிட்டே வந்து என் தாடையைப் பிடித்தாள். சின்ன வயதில் சோறு ஊட்டும்போது பிடிப்பாளே, அந்தப் பிடி. "எனக்காகடா."

"சரி, சரி. பாக்குறேன், போ."

மறுநாள் காற்று நன்றாக இருந்தது. பத்து மணிக்குப் பட்டம் ஏறியது. நூல் சீராக இழுத்தது, ஒரு குதிப்பு இல்லை. மூன்று சுற்றும் முடித்துப் பதினொன்றரைக்கு இறக்கினேன். அவ்வளவு சுத்தமான காற்று வருடத்தில் நாலு நாள் கிடைத்தால் பெரிது. விசிலடித்துக்கொண்டே மேனேஜர் அறைக்குப் போனேன்.

அந்த அறையில் ஏசி ஓடும். மேனேஜர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நான் கார்டைப் போட்டுப் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒன்பதாம் குவியல் வந்தது.

மாமா படுத்திருந்தார்.

முதல் சுற்று, பத்து மணி பன்னிரண்டு நிமிடம். குவியலின் மேற்கு அடியில், நிழலுக்குள், மல்லாந்து படுத்திருக்கிறார். வலது கை மட்டும் மேலே தூக்கியிருக்கிறது. பக்கத்தில் பைப், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது சுற்று, பத்து நாற்பத்தொன்று. அதே இடம். கை கீழே இறங்கிவிட்டது. நிழல் சுருங்கி, இடுப்புக்குக் கீழே வெயில். மூன்றாவது சுற்று, பதினொன்று இருபது. முழு உடம்பும் வெயிலில். தண்ணீர் பரவி முதுகு வரை வந்துவிட்டது.

படுத்துக்கொண்டே கையைத் தூக்கி என்னைக் கிண்டல் பண்ணுகிறாரே என்றுதான் தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது. என்ன கொழுப்பு, மாமியார் மேலே நிற்கும்போதே தூக்கமா, அதிலும் எனக்கு டாட்டா வேறா! பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்து, மூன்று படத்திலும் குவியலின் நிழல் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளந்து நோட்டில் குறித்துக்கொண்டேன். மில்லிமீட்டர் பிசகாமல் குறித்தேன்.

அக்காவின் முகம் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. மேனேஜர் இன்னும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று போனில்தான் இருந்தார். மூன்று படங்களை அழிக்க மூன்று நொடி போதும். ஆனால் கூடவே அந்தக் கூடமும் நினைவுக்கு வந்தது, அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் வந்தது. மேனேஜர் போனை வைக்கும் வரை காத்திருந்தேன்.

"சார், ஒரு நிமிஷம் இங்க வந்து பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "யாருய்யா இது? அட, உன் அக்கா வீட்டுக்காரன்!" மூன்று படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு மணி நேரத்துக்கு மேல அசையவே இல்ல பாரு. தண்ணியத் திறந்து விட்டுட்டு என்னமா தூங்குறான். ராஜா மாதிரி!"

"வெயிலடிச்சாக்கூட முழிப்பு வராது சார் அவருக்கு" என்றேன் நான்.

சிரித்தோம். நன்றாகச் சிரித்தோம். மூன்றையும் ஒரே பெரிய தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்செடுக்கச் சொன்னார். எடுத்தேன். மூலையில் நேரம் பளிச்சென்று விழுந்திருந்தது. "சும்மா ஒட்டினா எப்படி? ஏதாவது எழுதுய்யா" என்றார். சிவப்பு மார்க்கரால் மூன்று படத்திலும் மாமாவைச் சுற்றி வட்டம் போட்டேன். மூன்று படத்துக்கும் குறுக்கே கொட்டை எழுத்தில் எழுதினேன்: குறட்டையில் பட்டம் ஆடுகிறது. மேனேஜர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கேட் அருகே அறிவிப்புப் பலகையில் நானே கொண்டுபோய்ப் பின் குத்தினேன். அங்கே நின்ற லாரி டிரைவர்கள் இரண்டு பேர் படித்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

திரும்பி வருவதற்குள் மூன்றாவது கடிதம் தயாராகியிருந்தது. வேலை நேரத்தில் உறங்கியதற்காக உடனடியாக நீக்கம். பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம் என்று நேரம் போட்டுக் கையெழுத்திட்டார் மேனேஜர். எதிலும் நேரம் போடுவது அவர் வழக்கம். கேட் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "போய் அவன எழுப்பிக் குடு. நகல்ல கையெழுத்து வாங்கிட்டு வா" என்றார்.

யார்டின் கோடி வரை நடந்து போய்த் திரும்ப வேண்டும். வாட்ச்மேன் ஓடி வந்தார். அறுபது வயது மனுஷன் ஓடி நான் பார்த்ததே இல்லை. கடிதம் கையிலேயே இருந்தது, நனைந்திருந்தது.

"கையெழுத்து வாங்க முடியல சார்."

"ஏன், எந்திரிக்க மாட்டேங்குறானா?" மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"எந்திரிக்க மாட்டாரு போல சார். வாய் கோணியிருக்கு. மூச்சு மட்டும் லேசா இருக்கு."

லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். முதுகெல்லாம் கரித்தண்ணீர். முகம் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது. ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில் உயிர் போனது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே, "கீழ விழுந்து ரொம்ப நேரம் ஆயிருக்கு போல. ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தீங்கன்னா ஏதாவது பண்ணியிருக்கலாம். விழுந்தத யாருமே பாக்கலையா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். "பலகையில இருந்தத எடுத்துக் கிழிக்கச் சொல்லிட்டேன். உன்கிட்ட இருக்கிற அந்தப் படங்களையும் அழிச்சிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு யாராவது பாத்தா, நீயும்தானே பாத்துட்டு சும்மா இருந்தேன்னு வரும்?"

முந்தின நாள் அக்கா தாடையைப் பிடித்துக் கெஞ்சிய அதே காரியம். அவளுக்குச் செய்யாததை அவருக்குச் செய்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார்டையும் கம்ப்யூட்டரில் இருந்ததையும் துடைத்தேன்.  இதையும் சொல்லியாக வேண்டும்.

ஐந்தாம் நாள் அக்காவுக்கு நோட்டீஸ் வந்தது. இறந்தவர் அன்று பன்னிரண்டு ஐந்துக்கே வேலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார், அதன் பிறகே உடல்நிலை மோசமானது, எனவே இது பணியில் நேர்ந்த மரணம் அல்ல, பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்யவும். பணியில் இறந்திருந்தால் பிள்ளைகள் படிப்பு முடியும் வரை வீடு உண்டு என்பது கம்பெனி விதி. படுபாவி, போட்ட நேரத்தை எப்படிப் பிடித்துக்கொண்டான் பாருங்கள்!

அக்கா நோட்டீஸை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"பட்டம் காலையிலயே மேல இருந்துச்சுல்ல? உன் கேமராவுல இருக்குமேடா, எப்ப விழுந்தாருன்னு. நான் அழிச்சிடுன்னு சொன்னேனே, அழிச்சிட்டியா?" அவள் கண்ணில் பயம். தான் சொன்னதால்தான் சாட்சி போய்விட்டதோ என்ற பயம். "என் வாயில கொள்ளிய வைக்க. எனக்காக அழிச்சிட்டியாடா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி முழுக்க அவள் தலையில் விழுந்திருக்கும். சொல்ல வாயெடுத்தேன். அந்த அளவுக்கு இறங்கினேன். அப்புறம், "தேடிப் பாக்குறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

வாட்ச்மேனிடம் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேட் அறைக்குள் போய், வருகைப் பதிவேட்டின் நடுவிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து வந்தார்.

"கிழின்னாரு. சாகக் கெடந்தவன் படத்த கிழிக்க மனசு வரல. வச்சிருந்தேன்." தாளை என் கையில் திணித்தார். "உன் எழுத்துதானே? நல்லா எழுதியிருக்க."

அறைக்கு வந்து கதவைத் தாழிட்டுப் பிரித்தேன். இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். தூங்குகிறவன் முகத்தில் வெயிலடித்தால் புரண்டாவது படுப்பான். முதுகில் தண்ணீர் வந்தால் துள்ளி எழுந்திருப்பான். நிழல் நகர்ந்ததை அளந்தேன், நிழலோடு அவர் நகரவில்லை என்பதைப் பார்க்கவில்லை. நிழலை வைத்துப் பிழைக்கிறவன் நான்!

பிளேடை எடுத்தேன். என் எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட முடியுமா என்று பார்த்தேன். முடியாது. மார்க்கர் வட்டம் உடம்பைச் சுற்றி இருந்தது. எழுத்து குறுக்கே ஓடி நேரத்தின் மேலும் ஏறியிருந்தது. எழுத்தை வெட்டினால் சாட்சியே போய்விடும். பிளேடை அரை மணி நேரம் கையில் வைத்திருந்தேன்.

அக்கா வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினேன். தரையில் விரித்து, முழங்காலை ஊன்றி, விரலால் ஒவ்வொரு படமாகத் தொட்டாள். முதல் படத்தில் விரல் நின்றுவிட்டது.

"கையத் தூக்கியிருக்காரு."

"எப்பவும் ஆட்டுற மாதிரின்னு நெனச்சேன் அக்கா."

"எப்பவும் ரெண்டு கையத்தானே ஆட்டுவாரு?" அவள் குரல் உயரவே இல்லை. "இதுல ஒரு கைதான் இருக்கு. உன்னக் கூப்பிட்டிருக்காருடா. வேற யாரும் அந்தப் பக்கம் வர மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். நீ மேல இருந்து பாக்குறேன்னு நெனச்சிருக்காரு."

அப்புறம் எழுத்தைப் படித்தாள். ஒருமுறை படித்தாள். சிலேட்டில் என் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் அவள். யார் எழுத்து என்று கேட்கவில்லை. தாளை மடித்துப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். திரும்பி, கதவைக் காட்டினாள்.

அந்தத் தாளை வைத்து அக்கா கொடுத்த புகாருக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. ஒரு நீள மேசை, ஓடாத மின்விசிறி. ஒரு பக்கம் மேனேஜரும் வக்கீலும், எதிர்ப்பக்கம் அக்கா. நடுவில் என்னை நிற்க வைத்தார்கள். கம்பின் நிழல், குவியலின் நிழல், தண்ணீர் பரவியது, உடம்பு அசையாதது, எல்லாவற்றையும் விரலை வைத்துக் காட்டி விளக்கினேன். பத்து மணி பன்னிரண்டுக்கே இவர் விழுந்துவிட்டார், இது தூக்கமில்லை என்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"இவ்வளவு தெளிவா சொல்றீங்களே. இதெல்லாம் அன்னைக்குப் படத்தப் பாத்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே?"

 அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கி, சத்தமாகப் படித்தார். "குறட்டையில் பட்டம் ஆடுகிறது. யார் எழுதுனது இது?"

"நான்தான்."

 மேனேஜர் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எதையோ எழுதிக்கொண்டார். வீடு அக்காவுக்குத்தான் என்பது அவர் முகத்திலேயே தெரிந்துவிட்டது. கடைசியாகப் படிவத்தில் நிரப்புவதற்காகக் கேட்டார்.

"இறந்தவருக்கு நீங்க என்ன உறவு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"உறவெல்லாம் இல்ல சார்" என்றாள். "இவரு போட்டோ எடுக்கிறவரு."